பீப்பாய்க்குப் பக்கத்தில் நார்ப்

“கைய எடுய்யா! அது என்ன அடிபம்பா, வர்றவன் போறவன்லாம் அடிக்க?” என்று யாரையாவது அதட்டிக்கொண்டேதான் இருப்பார் நார்ப். ஐஸ் நிரப்பிய பெரிய குப்பைத் தொட்டிக்குள் பீர் பீப்பாய். அதன் தலையில் குழாயும் பம்ப்பும். பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி இருக்கும். அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஷெபாய்கன் ஊரில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தன் கோப்பையை நிரப்பிக்கொண்டதும், அடுத்து வருபவனுக்கு உதவியாம், பம்ப்பை நாலு அடி அடித்துவிட்டுப் போவார்கள். இருபது பேர் இப்படி மரியாதை காட்டினால் உள்ளே காற்று ஏறி, இருபத்தோராவது ஆளுக்கு வெறும் நுரைதான் வரும்.

முழுப் பெயர் நார்பர்ட் ஹென்ஷல். வயது ஐம்பத்து நான்கு. காகித ஆலையில் வேலை. சனிக்கிழமையானால் யார் வீட்டு விருந்திலாவது பீப்பாய் அவர் பொறுப்பு. காலை எட்டு மணிக்கே தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். “வண்டில குலுங்கி வந்திருக்கு. மத்தியானம் வரைக்கும் தூங்கட்டும், யாரும் தொடாதீங்க” என்பார். ஐஸுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பீப்பாயின் வயிற்றைத் தடவிப் பார்ப்பார். கூலி கிடையாது. பீரில் வேகவைத்துச் சுட்ட சாசேஜ் இரண்டை ரொட்டிக்குள் வைத்து நின்றபடியே தின்பார். அதற்குக் கெட்சப் தேடுகிறவர்களைக் கண்டால் ஆகாது. “கெட்சப்பா? உங்கம்மா உன்ன வளத்த லட்சணம் அப்படி!”

ஜூன் மாதம் முழுக்க, பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கான விருந்துகள். இருபத்தொரு வயது ஆகாத பிள்ளை, பெற்றவர் பக்கத்தில் இருந்தால் குடிக்கலாம் என்பது எங்கள் மாநிலச் சட்டம். அதனால் பிள்ளையின் முதல் கோப்பையை எல்லார் முன்னாலும் அப்பா தன் கையால் பிடித்துக் கொடுப்பது இங்கே வழக்கம். அந்த நேரம் வந்ததும் நார்ப் ஒதுங்கிக்கொள்வார். “வாங்க, உங்க புள்ள, நீங்க புடிங்க. நடுவுல நான் யாரு?” என் மகன் விருந்திலும் அப்படித்தான் சொன்னார்.

அவருக்கும் ஒரு மகள் உண்டு, பிரிட்டா. அவளுக்கு ஆறு வயதானபோது மனைவி ஜோலீன் அவளைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போனார். கிரெய்க் என்பவரை மணந்துகொண்டார். சனிக்கிழமைகளில் மட்டும் மகள் நார்ப்பிடம் இருப்பாள். பாழாய்ப்போன அந்தச் சனிக்கிழமைகளில்தான் நாங்கள் எல்லாரும் அவரைக் கூப்பிட்டோம். முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர், மகளையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். அந்தக் குழந்தை யார் வீட்டுக் கொல்லையிலோ, தெரியாத பிள்ளைகளுக்கு நடுவே, சீஸ் துண்டைக் கடித்தபடி அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வயதில் வருவதை நிறுத்திக்கொண்டாள். அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

போன ஜூனில், பள்ளி முடித்த பிரிட்டாவுக்கு விருந்து, கிரெய்க் வீட்டில். பீப்பாயைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஜோலீன் போனில் கேட்டார். நார்ப் புதுச் சட்டை எடுத்தார். “ஊர்ல இருக்கிற அப்பனுக்கெல்லாம் எடம் விட்டு நின்னாச்சு. இந்தத் தடவ நான் நகர வேண்டாம், பாரு” என்று என்னிடம் சொல்லும்போது வாயெல்லாம் பல்.

மூன்று மணிக்குக் கூட்டம் பீப்பாயைச் சுற்றிக் கூடியது. நார்ப் ஒரு கோப்பையைக் குளிர்ந்த நீரில் அலசி, உதறி, தயாராக வைத்துக்கொண்டு நின்றார். பிரிட்டா நேராக அவரிடம் வந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

“அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. கிரெய்க் புடிச்சுக் குடுக்கட்டும். ஸ்கூல்ல கொண்டு விட்டது, காய்ச்சல் வந்தப்ப பக்கத்துல உக்காந்திருந்தது, எல்லாம் அவர்தானே.”

“சட்டப்படி பெத்தவன்தான்யா நிக்கணும். விட்டுக்குடுக்காத” என்று நார்ப்பின் காதைக் கடித்தேன்.

“பெத்தவதான் அங்க நிக்கிறாளே. நீ வாய மூடு” என்றார், கூட்டத்தில் நின்ற ஜோலீனைக் காட்டி.

கிரெய்க் தயங்கித் தயங்கி வந்தார். நல்ல மனிதர். திட்டவும் வழியில்லாதபடி நல்ல மனிதர். கோப்பையைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துக் குழாயைத் திறந்தார். நுரை பொங்கி மணிக்கட்டில் வழிந்தது. கூட்டம் ஓவென்று கூவியது. பிரிட்டாவின் முகம் சிவந்துபோயிற்று. கிரெய்க் திணறிப்போய் நார்ப்பைப் பார்த்தார்.

நார்ப் அந்தக் கோப்பையை வாங்கிப் புல்லில் கவிழ்த்தார். தன்னிடம் இருந்த கோப்பையைக் கிரெய்க்கின் கையில் வைத்தார். மகளை ஏறிட்டுப் பார்க்காமல், அந்தக் கோப்பையின் அடியில் ஒற்றை விரலைக் கொடுத்துச் சாய்த்து, அது நிறையும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.