சமதரையில் பார்த்த பிரேக்

காலை ஏழரைக்கு எங்கள் கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கும். போர்ட் பிளேரின் ஜங்லிகாட் தெருவில் மீன்காரர்கள் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டு போவார்கள். நான் உள்ளே வாக்கர்களுக்கும் கமோடு நாற்காலிகளுக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சீனாவில் இருக்கும் ஒரு தொழிற்சாலையைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே அப்போது மணி பத்து. ஒன்பது வருடமாக என் வேலை இதுதான். கடைக்கு வரவேண்டிய வீல்சேர்கள் அங்கிருந்து கிளம்பும் முன், நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும்.

இங்கே வந்து சேர்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை. கன்டெய்னர் முதலில் மெயின்லேண்டுக்குப் போகும். சென்னையில் இறங்கி, காகிதமெல்லாம் முடிந்து, வேறொரு கப்பலில் ஏறி எங்களிடம் வரும். கால் வளைந்த ஒரு நாற்காலியை அதே வழியில் திருப்பி அனுப்புகிறவர் யாரும் இந்தத் தீவில் கிடையாது. வந்தது வந்ததுதான். அதை யார் தலையிலாவது கட்ட வேண்டியதுதான். ஆகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் பார்க்க வேண்டும். கடை முதலாளி பாய் என்னை 'கஸ்டம்ஸ் அம்மா' என்று கூப்பிடுவார். வாடிக்கையாளர் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார்.

தொழிற்சாலைப் பக்கம் ஒரு பெண் போனைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அவளும் நானும் பேசுவது எங்கள் இருவருக்குமே சரியாக வராத இங்கிலீஷ். அடுக்கின் மேலே இருக்கும் பெட்டியை அவள் திறக்கப் போவாள். கீழே மூன்றாவதைத் திற என்பேன். தையல், டயர், கால் பலகை, பெயின்ட், பிரேக் எல்லாம் பார்த்துத் திருப்தியானால், சீட்டின் பின்பக்கம் ஒரு சின்னப் பச்சை வட்டம் ஒட்டச் சொல்வேன். நான் பாஸ் பண்ணினேன் என்பதற்கு அடையாளம். அது என்னவென்று கடைக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

நான் இருப்பது டாலிகஞ்சில். எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி ஒரு தையல்காரி இருக்கிறாள். அவளுடைய அப்பா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர். கல்யாணமாகி இவள் போர்ட் பிளேருக்கு வந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அவள் வீடு மேட்டில், தையல் கடை கீழே ரோட்டோரத்தில். நடுவே நாற்பது அடி சிமென்ட் சரிவு, முடிகிற இடத்தில் சாக்கடை, நாலா என்போம். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவர், ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்.

"ஏறுறதுக்கு ஆளு கெடைக்கும் அக்கா. சாயங்காலம் யாராச்சும் தள்ளி விடுவாங்க. காலையில எறங்கத்தான் ஒரு ஆளு இருக்காது" என்பாள். காலையில் தானே இறங்கிக் கடையைத் திறக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலக் காலையில் அப்படித்தான் தனியாக இறங்கினாள். பாதிச் சரிவில் கை ஓய்ந்து பிரேக்கைப் போட்டாள். பிரேக் டயரைப் பிடிக்கவில்லை. நாற்காலி வழுக்கி நேரே சாக்கடைக்குள் இறங்கியது. இடது மணிக்கட்டு உடைந்தது. தையல்காரிக்கு மணிக்கட்டு.

பார்க்கப் போனபோது அந்த நாற்காலி அவர்கள் வீட்டு வாசலில் சேறோடு கிடந்தது. சீட்டின் பின்னால் பச்சை வட்டம். நான் பார்த்துப் பாஸ் பண்ணிய லாட். தொழிற்சாலையின் கண்ணாடி மாதிரியான தரையில், ஆள் உட்காராத நாற்காலியின் பிரேக்கைப் போட்டுத் தள்ளிக் காட்டினார்கள். அசையவில்லை. சரி என்றேன். மேடும் பள்ளமுமாக இருக்கிற இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, ஒரு சரிவில் வைத்துக் காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. அவளிடம் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, பிறகு நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. வெட்கமாக இருந்தது என்று இப்போது எழுதுகிறேன், பயமாகவும் இருந்தது.

மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. ஒரு வருடத்துக்கும் மேல் அவள் தனியாக இறங்கவில்லை. புருஷன் மதியச் சாப்பாட்டுக்கு வந்து இறக்கிவிட்ட பிறகுதான் கடை திறக்கும், பாதி வாடிக்கை போய்விட்டது. பாய் இருபது வீல்சேருக்கு ஆர்டர் போட்டபோது, அதில் ஒன்று அவளுக்கு என்று நானே எழுதி வைத்தேன்.

இந்தத் தடவை பெட்டியைத் திறந்ததும் கேட்டேன், சரிவான இடம் எங்கே இருக்கிறது என்று. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "மேடம், ஃப்ளோர் வெரி குட்" என்றாள். தரை நன்றாக இருப்பதுதான் தொல்லை என்று எப்படிச் சொல்வது? நோட்டுப் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, அதன்மேல் ஒரு டேப் சுருளை உருட்டிக் காட்டினேன். கடைசியில் லாரிக்குச் சாமான் ஏற்றும் சரிவுக்குப் போனாள். அங்கே மழை. அதுவும் நல்லதுதான், எங்கள் ஊரிலும் மழைதான் என்றேன். ஸ்க்ரூப் பெட்டிகள் இரண்டைச் சீட்டில் வைத்து, பிரேக்கைப் போட்டு, அறுபது எண்ணச் சொன்னேன். இருபதுக்குள் நாற்காலி கீழே நகர ஆரம்பித்தது.

அதற்குள் பாய் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்னம்மா ஆச்சு? மத்தியானம் கன்டெய்னர் மூடுறாங்க. ஜல்தி பாஸ் பண்ணுங்க."

"பிரேக் நிக்கல பாய்."

"இங்க வந்து நம்ம மெக்கானிக்க வச்சு டைட் பண்ணிக்கலாம். டீக் ஹை?"

"பிரேக் கட்டையே குட்டை, டயர லேசாத்தான் தொடுது. இங்க டைட் பண்ணி ஆகாது. கட்டைய மாத்தணும்."

"இது போச்சுன்னா அடுத்த கன்டெய்னர் எப்ப கெளம்பும்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். குறைந்தது இரண்டு மாதம். பாய் கெட்டவர் இல்லை, ஆஸ்பத்திரிக்காரர்களும் வீட்டுக்காரர்களும் தினம் அவரை நச்சரிக்கிறார்கள். பழைய நாற்காலியைப் பற்றி அவரிடமும் நான் சொன்னதில்லை. "கன்டெய்னர் போனா போகட்டும் பாய்" என்று மட்டும் சொன்னேன். அவர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். எனக்கு டீ வரவில்லை.

அந்த இரண்டு மாதமும் தையல்காரியின் ஜன்னலைக் கடந்துதான் நான் வேலைக்குப் போக வேண்டும். "கப்பல் வந்திச்சா அக்கா?" என்பாள். "இல்லம்மா" என்பேன். ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கப்பல் வராததற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அவள் கேட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும். சில நாள் சுற்றிக்கொண்டு பின்வழியாகப் போனேன். முழங்கால் வலியோடு அங்கிருக்கும் படிகளில் ஏறி இறங்கும்போது என்மேலேயே எரிச்சலாக வரும். ஒன்பது வருடமாக அடுத்தவர் சாமானில் குறை கண்டுபிடித்தே அலுத்துப்போனவள், என் குறையை மூன்று வீடு தள்ளிப் போய்ச் சொல்ல முடியாமல் திரிந்தேன்.

கட்டையை மாற்றிய பிறகு இருபது நாற்காலியையும் அதே சரிவில் நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அறுபது எண்ணிக்கை. அந்தப் பெண் குடையோடு நின்று வாய்விட்டு எண்ணினாள். நெட் இரண்டு முறை போனது, இரண்டு முறையும் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னேன். கடைசி நாற்காலியில் நான் கேட்காமலே அவளே ஏறி உட்கார்ந்து, கையை மேலே தூக்கிக் காட்டினாள். அசையவில்லை. பச்சை வட்டத்தை ஒட்டச் சொன்னேன். மகிழ்ச்சியெல்லாம் இல்லை. கழுத்து வலித்தது.

நாற்காலி வந்து சேர்ந்த மறுநாள், வேலைக்குப் போகும் வழியில் தையல்காரி வீட்டில் நுழைந்தேன். புருஷன் ஆட்டோவோடு போயிருந்தார். அவள் புது நாற்காலியில் சரிவின் மேல்முனையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கடைச் சாவி. எனக்காகக் காத்திருந்தாளா, மனசு தயாராகட்டும் என்று இருந்தாளா, தெரியவில்லை.

"அக்கா, பின்னால ஒரு பச்சை ஸ்டிக்கரு இருக்கே. பழைய சேர்லயும் இருந்திச்சி. கடையில ஒட்டுறதா?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"இல்லம்மா. அது நான் ஒட்டச் சொல்றது. பார்த்து, நல்லா இருக்குன்னு நான் சொன்னாத்தான் ஒட்டுவாங்க."

அவள் கோணலான மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

"பழசும் நீங்க பார்த்ததா?"

"நான் பார்த்ததுதான். சமதரையில வச்சுப் பார்த்தேன். ஆள் உக்காராம பார்த்தேன்."

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்தன்னைக்கு ஆரஞ்சு கொண்டாந்தீங்களே. அப்பவே தெரியுமா?"

"அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

"அச்சா" என்றாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் நாற்காலியை மெல்லத் திருப்பி, சரிவுக்கு நேராக வைத்தாள்.

"அப்ப கீழ போயி நில்லுங்க அக்கா. நாலாவுக்கு முன்னால."

போனேன். வேலைக்கு நேரமாகியிருந்தது. சாக்கடைக்கு முதுகைக் காட்டி, பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றேன். அவள் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். பாதிச் சரிவில், அன்றைக்குப் போட்ட அதே இடத்தில் பிரேக்கைப் போட்டாள். பிறகு சக்கரத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் மனதுக்குள் எண்ணினேன். அறுபது முடிந்தது. நாற்காலி அசையவில்லை, அவளும் பிரேக்கை எடுக்கவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.