பூசணப் பானை

வெள்ளைத்தாய்க்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அச்சங்குளத்தில் அது தெரியாத ஆள் கிடையாது. கத்தரி நாற்று வாங்க வருகிறவன் அவசரப்பட்டு வேரைப் பிடித்துத் தூக்கினால் போதும், “ஏலே, உம் பிள்ளைய இப்படித்தான் காலப் பிடிச்சுத் தூக்குவியா?” என்று பிடித்துக்கொள்வாள். திட்டு வாங்கிக்கொண்டும் சுற்றுப்பட்டி ஆட்கள் ஏன் அவளிடமே வந்தார்கள் என்றால், அவள் விட்ட நாற்று சோடை போனதில்லை. மிளகாயோ கத்தரியோ தக்காளியோ, அவள் பாத்தியிலிருந்து போனது நட்ட மூன்றாம் நாளே தலை தூக்கிவிடும்.

பதினேழு வயதில் கருத்தப்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். புகுந்த வீட்டில் அவளுக்குப் பிடித்துப்போனது ஊருக்குக் கிழக்கே இருந்த கிணற்றுத் தோட்டம் ஒன்றுதான். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல். நடுவில் வற்றாத ஒரு கிணறு. பட்டா மட்டும் புருஷனின் அண்ணன், மச்சாண்டார் சோலைச்சாமியின் பேரில் இருந்தது. தம்பி நல்லவன், ஆனால் ஏமாளி என்று மூத்தவர் தன் பேரிலேயே வைத்திருந்தார். பாடுபட்டதெல்லாம் இவர்கள் இரண்டு பேர்.

ஊரின் ஒரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஊருக்கு மேற்கே பட்டாசுக் கம்பெனி வந்த நாளிலிருந்து அச்சங்குளத்துக்குச் சாக்குப் பஞ்சம் தீர்ந்தது. கந்தகமும் வெடியுப்பும் வந்திறங்கிய சாக்குகளை உதறிச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். சும்மா வருவதை விடுவார்களா நம் ஆட்கள்? வாசலில் மிதியடி சாக்கு, குளிக்கிற மறைப்புக்குச் சாக்கு, மழை தூறினால் தலைக்குக் கொங்காணி சாக்கு, கைப்பிள்ளையைப் படுக்க வைக்கவும் சாக்கு. விதை போட்ட பாத்தி காயாமல் மூடிவைக்க முன்பெல்லாம் பனையோலை வெட்டப் போக வேண்டும். அந்த வேலையும் மிச்சமாயிற்று. வெள்ளைத்தாயும் ஓலையை விட்டுவிட்டுச் சாக்குக்கு மாறினாள்.

அதற்கப்புறம்தான், ஐம்பத்தாறாம் வருஷம் ஆவணியில், நாற்று படுக்க ஆரம்பித்தது. முளைத்து இரண்டு இலை விட்ட பயிர், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, இளைத்து, அப்படியே சாய்ந்துவிடும். காலையில் கை அகலத்துக்கு விழுந்திருந்தால் மறுநாள் பாத்தியே வழுக்கையாகிக் கிடக்கும். ஊரில் எல்லாத் தோட்டத்திலும் இதே கதைதான். கண்ணேறு என்றார்கள், காற்றுச் சேட்டை என்றார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு அவள் ஆடி வெள்ளிதோறும் நடந்து போய் மாவிளக்கு வைத்தாள். அடுத்த ஆவணியிலும் நாற்று படுத்தது.

சோலைச்சாமி தோட்டத்துக்கு வந்து வழுக்கைப் பாத்திகளைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். ஒரு முடிவெடுத்தால் பிடித்த பிடியை விடமாட்டார், அவ்வளவுதான்.

“ஏத்தா வெள்ளைத்தாயி, கம்பெனிக்காரன் ஷெட்டுப் போட இடம் கேட்டு நடையா நடக்கான். வார ஆவணிக்கும் நாத்து நிக்கலேன்னா நான் இந்தத் தோட்டத்த அவனுக்கு எளுதிக் குடுத்துருவேன். அப்புறம் அளுது பிரயோசனமில்ல.”

“கிணறு இருக்கே, அத்தான்!”

“கிணத்த மூடிட்டுத்தான் ஷெட்டுப் போடுவாக.”

அவர் போனபிறகு அவள் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்த மூலை கண்ணில் பட்டது. ஈசானி மூலையில், ஒரு முறம் அகலத்துக்கு, நாற்று நின்றது. நின்றது மட்டுமா? கருகருவென்று, திமிராக நின்றது.

அந்த மூலைக்குச் சாக்கு எட்டவில்லை என்பதும், ஓலைப்பெட்டியில் நனைந்து பச்சைப் பசேலென்று பூசணம் பூத்துப்போன கம்பந்தானியத்தை அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டினோம் என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. சாக்கைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. பூசணத்தைப் பற்றி யோசித்தாள். ஏனென்றால் அந்த வருஷம்தான் கருத்தப்பாண்டி காலில் மண்வெட்டி பட்டுப் புரையோடி, சாத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊசி போட்ட நர்சு தேவமணி, “காலை எடுக்காமத் தப்பிச்சீங்க, பூசணத்துல இருந்து எடுத்த மருந்து இது. பெனிசிலின்னு பேரு” என்று சொல்லியிருந்தாள். அன்று இருவரும் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் வெள்ளைத்தாய் சாத்தூர் போனாள். மடியில் ஒரு வாழையிலைப் பொட்டலம். தேவமணி நாசரேத்துப் பக்கத்துக்காரி, பேச்சில் கறார். பொட்டலத்தைப் பிரித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“என்னம்மா இது, கெட்டுப்போன கம்பை எனக்குக் கொண்டாந்திருக்கீங்க?”

வெள்ளைத்தாய் மூலையில் நின்ற நாற்றைப் பற்றிச் சொன்னாள். கேட்கக் கேட்க நர்சின் முகம் மாறியது.

“ஊசிமருந்து எடுக்கற பூசணம் இதுதான்னு நான் சொல்ல மாட்டேன். இது வேற சாதியா இருக்கும். ஆனா ஒரு பூசணம் இன்னொண்ணை அழிக்கறது உண்டு. உங்க நாத்தை அழுக வைக்கறதும் மண்ணுல இருக்கற ஒரு பூசணமா இருக்கலாம். இது அதைத் தின்னுச்சோ என்னமோ. வளத்துப் பாருங்களேன்.”

“பூசணத்த வளக்கவா? அது தானா வருமே!”

“தானா வர்றது பத்து வகை வரும். உங்களுக்கு இது ஒண்ணுதான் வேணும். கம்பை நல்லா வேக வச்சு ஆற விடுங்க. பானையைக் கொதிதண்ணியில கழுவுங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. மூடற துணியையும் கொதிக்க வைங்க. அப்புறம் இதுல ஒரு சிட்டிகை தூவுங்க. நாங்க ஆபரேஷனுக்குக் கத்தி எடுக்கற சுத்தம் இருக்கணும்.”

அன்றிலிருந்து அச்சங்குளத்துக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. எல்லார் வீட்டிலும் பூசணம் பிடித்ததைக் குப்பையில் கொட்டுவார்கள். வெள்ளைத்தாய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பூசணத்துக்குச் சோறு வைத்தாள். “ஏ வெள்ளைத்தாயி, உம் பூசணத்துக்குக் காது குத்து எப்ப?” என்று பக்கத்துத் தோட்டத்துப் பஞ்சம்மாள் கிணற்றடியில் கேட்டு ஊரையே சிரிக்க வைத்தாள். “வைக்கும்போது கூப்பிட உனக்குத்தான் மொதப் பாக்கு” என்று இவளும் விடவில்லை.

ஆனால் பூசணம் வரவில்லை. மார்கழியில் வைத்த நாலு பானையும் கம்பு கம்பாகவே கிடந்து புளித்தது. பங்குனியில் வைத்தது அப்படியே காய்ந்தது. வைகாசியில் ஒரு பானையில் மட்டும் கறுப்பாக ஏதோ படர்ந்து முடைநாற்றம் எடுத்தது. சொன்ன சுத்தத்தில் ஒரு குறை வைத்தாளா? இல்லை. கம்பை வேக வைத்தாள், பானையைக் கழுவினாள். மூட நல்ல துணிக்கு அவள் எங்கே போவாள்? கம்பெனிச் சாக்கைக் கத்தரித்து, அதையும் அரை நாள் கொதிக்க வைத்துத்தான் கட்டினாள். இதற்குள் தை மாதமே கம்பெனி ஆள் வந்து நூல் பிடித்து, தோட்டத்தைச் சுற்றி ஆளுயரக் கம்புகளை எல்லைக்கு நட்டுவிட்டுப் போயிருந்தான். கமலையில் தண்ணீர் இறைக்கப் போகும்போதும் வரும்போதும் அவை அவள் கண்ணை உறுத்தின. கையிருப்பில் அந்தப் பழைய பூசணக் கம்பு ஒரு கைப்பிடிதான் மிச்சம் இருந்தது.

அதையும் தூவி, ஆனியில் கடைசியாக நாலு பானை வைத்தாள். எட்டாம் நாள் காலையில் மாட்டுக் கொட்டத்துக்குள் போனவள் கத்திய கத்தில் மாடு மிரண்டது. மூன்று பானை மேல் சாக்கு இருந்தது. நாலாவது பானையில் சாக்கைக் காணோம். அவளுடைய பழைய சேலைக் கிழிசல் கட்டியிருந்தது.

“எம் பானையில கை வச்சது யாரு?”

கருத்தப்பாண்டி மாடு இழுக்கும் கமலை வடத்திலிருந்து இறங்கி வந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் மடித்துப் போட்டிருந்தது அந்தச் சாக்கு.

“வடத்துல உக்காந்து உக்காந்து காந்துது புள்ள. அதான், நீ பானைய வச்ச அன்னைக்கே எடுத்துட்டேன். சும்மா விட்டுட்டா போனேன்? உன் சேலையக் கிளிச்சுக் கட்டிட்டுத்தான போனேன்.”

“நான் இங்க உசிரக் குடுத்து உக்காந்திருக்கேன், உங்களுக்கு உக்காரச் சாக்குக் கேக்குதாக்கும்! வெளங்குமா இந்தக் குடும்பம்?”

திட்டிக்கொண்டே, கெட்டது கெட்டுப்போயிருக்கும் என்று சேலைக் கிழிசலை அவிழ்த்தாள்.

உள்ளே பச்சை. கம்பு ஒன்றுகூடத் தெரியாமல், கிளிப்பச்சை நிறத்தில் பொசுபொசுவென்று பூத்துக் கிடந்தது. மற்ற மூன்றையும் அவிழ்த்தாள். மூன்றும் பழையபடி வெறும் கம்பு. அவள் புருஷனைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், அப்புறம் அந்தச் சாக்கை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். கொதிக்க வைத்தும் போகாத மத்தாப்பு வாடை. ஊர் முழுக்க அந்த வாடைதான் என்பதால் யார் மூக்கும் அதைச் சட்டை செய்வதில்லை.

“அட கிறுக்கி!” என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். “கந்தகத்தக் கொண்டு மூடிட்டு வரல வரலன்னா எப்படி வரும்? அந்த மூலையில சாக்கு எட்டலையே! ஓல போட்டு மூடுன காலத்துல நாத்துப் படுத்துச்சா? நம்ம மண்ணுல இருந்த நல்லதையும் நாமளேல்ல கொன்னுருக்கோம்!”

கருத்தப்பாண்டிக்குப் பாதிதான் புரிந்தது. “அப்ப நான் எடுத்தது நல்லதுக்குத்தானா?” என்றார். அன்றைக்கு அவருக்குக் கருவாட்டுக் குழம்பு கிடைத்தது.

அதற்கப்புறம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஒரு பானையிலிருந்து எட்டுப் பானை வளர்த்தாள். மக்கிய சாணத்தில் பிசைந்து, நிழலில் குவித்து, ஈரம் தெளித்துப் பதினைந்து நாள் வைத்தாள். ஆவணி பிறந்ததும் ஆறு பாத்திக்கு அதைத் தூவிக் கிளறினாள். ஏழாவது பாத்திக்குப் போதவில்லை. வெறும் மண்ணிலேயே விதைத்தாள். ஏழையும் பனையோலை கொண்டு மூடினாள்.

முளைவிட்ட நாலாம் நாள் வானம் மூடிக்கொண்டு மூன்று நாள் விடாமல் தூறியது. நாற்றுக்கு எமன் அந்தத் தூறல். மூன்றாம் நாள் பஞ்சம்மாள் தோட்டத்தில் எல்லாம் படுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. சோலைச்சாமியின் மேலத் தோட்டமும் போயிற்று. நாலாம் நாள் விடிந்ததும் வெள்ளைத்தாய் சாமியைக் கும்பிட்டுவிட்டு ஓலையை விலக்கினாள்.

ஏழாவது பாத்தி பாதிக்கு மேல் வழுக்கை. வரப்புக்கு இந்தப் பக்கம் ஆறு பாத்தியும் ஒன்று தவறாமல் நின்றது. அவள் வரப்பில் நின்று, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “நின்னுருச்சு! நின்னுருச்சுங்க!” என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி கூவினாள். கருத்தப்பாண்டி கமலையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

நாற்றுப் பறிக்கும் நாளில் வண்டிப்பாதை நெடுக ஆட்கள். பஞ்சம்மாள் முன்னாலேயே வந்து, “காது குத்துக்குப் பாக்கு வைப்பேன்னியே, வந்துட்டேன்” என்று அசடு வழிந்தாள். எல்லாருக்கும் பின்னால், தயங்கித் தயங்கி, சோலைச்சாமி வந்தார். நாற்றுக் கட்டிப்போக அவர் தோளில் ஒரு கம்பெனிச் சாக்கு.

“தாயி, நமக்கும் ஒரு குறுக்கம் நெலத்துக்குக் கத்தரி நாத்து வேணும்.”

“தாரேன் அத்தான். அந்தச் சாக்க மொதல்ல ரோட்டுல போட்டுட்டு வாங்க.”

அவர் சாக்கோடு திரும்பி நடந்தார். போட்டுவிட்டு வந்து, ஆறு பாத்தியையும் ஏழாவதையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்றோரம் நின்ற எல்லைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினார். அடுத்ததையும் பிடுங்கினார். கடைசிக் கம்பு வரைக்கும் யாரையும் தொடவிடவில்லை.

“இதுகள எங்கன போட, தாயி?”

அவள் கிணற்றடியைக் கை காட்டினாள். “புடலைக்குப் பந்தல் போடணும் அத்தான். அங்கன சாத்துங்க” என்றாள்.

அடுத்த தையில் பட்டா அவள் பேருக்கு மாறியது. தேவமணிக்கு வருஷா வருஷம் முதல் காய்க் கூடை போயிற்று. பிற்பாடு விவசாய ஆபீசர்கள் வந்து பூதக்கண்ணாடியில் பார்த்து அந்தப் பூசணத்துக்கு நாக்கில் நுழையாத ஒரு பேர் சொன்னார்கள். “பேரு என்னவும் இருந்துட்டுப் போகுது, சோறு நம்ம கம்புதான்” என்றாள் அவள். அறுபத்தைந்துக்குள் ஏழாயிரம்பண்ணையிலிருந்தும் வெம்பக்கோட்டையிலிருந்தும்கூடப் பானை ஏந்தி வந்தார்கள். வந்தவர்களைத் தோட்ட முகப்பில் முதலில் மறிப்பது சோலைச்சாமிதான். வயதாகியும் குரல் குறையவில்லை.

“ஏலே, எவம்லே அது தோளுல சாக்கோட வாரது? ரோட்டுல போட்டுட்டு, கையக் கழுவிட்டு வாலே! எந் தம்பி பொண்டாட்டி தோட்டம்லே இது!”