பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

என் அம்மாவுக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சர்ச்சில் கீர்த்தனை பாடும்போது முன்வரிசைப் பெண்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே பாடுவார்கள். சுருதி ஒரு பக்கம் போனால் அம்மா இன்னொரு பக்கம் போவாள். அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் கிடையாது. ஆண்டவருக்குக் காது நல்ல காது என்பாள்.

போன மாதம் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் வண்டி நகராமல் நின்றுவிட்டது. டிரைவர் பழைய பாட்டுகளாகப் போட்டுக்கொண்டு வந்தவர் அந்தப் பாட்டையும் போட்டார். மழை வருமா என்று வானத்தைக் கேட்டுக்கொண்டே வேறு எதையோ கேட்கும் ஒரு பெண்ணின் பாட்டு. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை, பாட்டு மட்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பாடகி அருமையாகத்தான் பாடினார். ஆனால் இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் என் காது ஒரு ரயில் சத்தத்தை எதிர்பார்த்தது. வரவில்லை. ரயில் போனதும் வார்த்தை மறந்துபோய் ‘ம்ம்ம்’ என்று இழுக்க வேண்டும். பாடகி ஒரு வார்த்தையைக்கூட மறக்காமல் ஒழுங்காகப் பாடி முடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா, “இன்னாம்மா, ஒடம்பு முடியலியா?” என்று கேட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அம்மா இல்லாமல் போய்விட்டாள், இந்தப் பாட்டும் சரியாகப் பாடப்பட்டுவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எண்பதுகளின் கடைசியில், நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அப்பா சவூதியில் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் டர்னராக இருந்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் போனவர்தான். பூந்தமல்லியில் எங்கள் வீட்டில் தாத்தா, சித்தப்பா, கல்யாணத்துக்குக் காத்திருந்த அத்தை, அம்மா, நான். போன் என்பது அப்போது அடுத்தவர் வீட்டுப் பொருள். கடிதம் எழுதலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் எழுதப் பொறுமை கிடையாது, பேசத்தான் உண்டு. அதனால் கேசட்டில் பேசி அனுப்புவோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பாய் அப்பா இருந்த ஊரிலேயே கடையில் வேலை பார்த்தார். அவரோ அவருடைய மச்சானோ லீவில் வந்து திரும்பும்போது, ஊறுகாய் பாட்டிலோடு கேசட்டும் போகும். அப்பா அதைக் கேட்டுவிட்டு, அதன்மேலேயே பதில் பேசி அனுப்புவார். அதே கேசட் போகும், அதே கேசட் வரும். நல்லாயிருக்கிற கேசட் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது தாத்தாவின் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ரெக்கார்டிங். ஸ்டூலின் மேல் பூவேலை செய்த துணி விரித்து டேப்ரெக்கார்டரை வைப்பார்கள். மிஷின் பொறுப்பு முழுக்கச் சித்தப்பாவுடையது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொடுவார். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கியதும், நாங்கள் போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாதிரி ஆடாமல் அசையாமல் ஆகிவிடுவோம்.

முதலில் தாத்தா ஜெபம் செய்வார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினால் ‘இன்னாடா’, ‘எங்கடா கீற’தான். கண்ணை மூடிக் கை கூப்பிவிட்டால் மட்டும் ‘தேவரீர்’, ‘கிருபையாய்த் தந்தருளும்’ என்று தமிழ் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். ஆதியில் தொடங்கி, இஸ்ரவேல் ஜனங்களை வனாந்திரம் வழியாக நடத்திக் கொண்டுவந்து, அப்பா இருந்த பாலைவனத்தில் சேர்ப்பதற்குள் ஏ பக்கம் பாதி போய்விடும். அதன்பின், என் மகனுடைய வேலையை நிலைவரப்படுத்தும் என்பார். அப்பாவின் கான்ட்ராக்ட் முடியப்போகிற வருஷம் அது. இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டால் அத்தையின் கல்யாணத்தை நல்லபடியாக முடித்துவிடலாம் என்று தாத்தா முடிவு செய்திருந்தார். அவர் முடிவு செய்ததைக் கர்த்தரிடம் தெரிவிப்பதுதான் அந்த ஜெபம்.

பிறகு சித்தப்பா, அத்தை, நான். நான் ஒரு வேதவசனம் ஒப்பிப்பேன். கடைசியில் அம்மா. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“நாங்க நல்லா இருக்கோம். நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க.”

அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வரி. “இன்னா அண்ணி, இவ்ளோ டேப்பு மீதி கீதே” என்று அத்தை சொன்னால், போதும் என்று தலையை ஆட்டிவிடுவாள். பாவம், கூச்ச சுபாவம் என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தக் கூச்ச சுபாவத்தின் இன்னொரு பக்கத்தை நான் ஆவடியில் பார்த்தேன். கேசட்டைப் பாய் வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய அம்மா, பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு, ஆவடி பஸ்ஸில் ஏறினாள். அங்கே தண்டவாளத்தை ஒட்டிய பேக்டரி குவார்ட்டர்ஸில் அவளுடைய தம்பி, என் மாமா இருந்தார். அம்மா பிறந்து வளர்ந்த வீட்டில் காலையில் போட்ட ரேடியோவைப் படுக்கும்போதுதான் நிறுத்துவார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலோ சினிமாப் பாட்டு என்றால் ‘உலகப் பாட்டு’. டீக்கடையிலிருந்து காற்றில் வந்தால்கூடத் தாத்தா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, எழுப்புதல் கூட்டத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, அப்பா கல்யாணமான புதிதில் அம்மாவைப் படத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அந்தப் படத்தில் வந்த பாட்டுதான் இது. திரும்பி வந்ததும் பிரசங்கம் எப்படி என்று தாத்தா கேட்டாராம். உருக்கமாக இருந்தது என்றாராம் அப்பா.

மாமா கேசட்டின் பி பக்கத்தைக் கடைசிவரை ஓட்டி, ஒரு பாட்டு அளவுக்குப் பின்னால் இழுத்து, டேப்ரெக்கார்டரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே போனார். அம்மா அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என்னை வெளியில் காவல் வைத்தாள். “சத்தம் போடாத. தாத்தாவாண்ட சொல்லிடாத.” கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா பாடினாள். பாதிப் பாட்டில் அரக்கோணம் பக்கம் போகிற ரயில் ஒன்று வீடே அதிரும்படி போனது. அது போய் முடிந்ததும் அவளுக்கு அடுத்த வார்த்தை மறந்துவிட்டது. ம்ம்ம் என்று இழுத்து, எப்படியோ தேடிப் பிடித்து முடித்தாள். வெளியில் நின்ற எனக்கு மானம் போயிற்று. மாமா பிள்ளைகள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் என் கவலை. கதவைத் திறந்துகொண்டு வந்தவளுக்கு மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. அடுப்புப் புகை என்றாள். அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை.

கேசட் போனது. அப்பாவின் பதில் வந்தது. எல்லோரையும் வரிசையாக விசாரித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார். “பாப்பா, நல்லா படிக்கிறியா? அம்மா சொல்றதக் கேளு. சரி, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.” ஸ்தோத்திரம் என்ற சொல் முடியும்போதே சித்தப்பா பொத்தானை அமுக்கிவிட்டார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய்க் கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். இன்னும் டேப் மிச்சம் இருக்கும். கண்ணுக்கு நன்றாகவே தெரியும். இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என் அப்பாவுக்கு என்னிடம் பேச ஒன்றுமில்லையா? எதிர்வீட்டு அப்பா தினமும் சைக்கிளில் வந்து இறங்கி, மகளை முன்கம்பியில் உட்காரவைத்து ஒரு சுற்றுக் கூட்டிப்போவார். எனக்கு வயிறு எரியும். ஏ பக்கத்தில் தாத்தாவுக்கு அத்தனை நேரம் பதில் சொல்கிறவர் எனக்கு இரண்டு வரியில் கணக்கை முடிப்பது, அம்மா அப்பாவுக்கு இரண்டு வரியில் முடிக்கிற மாதிரியே இருந்தது. இரண்டு பேரும் கஞ்சர்கள் என்று முடிவுகட்டினேன்.

சில மத்தியானங்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அம்மா சத்தத்தைக் குறைத்து வைத்து, டேப்ரெக்கார்டரில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னைக் கண்டதும் மிஷினை நிறுத்திவிடுவாள். அப்பா பேசியதைத்தான் திரும்பக் கேட்கிறாள் என்று நினைப்பேன். பாட்டின் ஞாபகமே எனக்கு இல்லை. அப்பா பதில் பேசியபோது அது அழிந்திருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வசனத்தை ஒப்பித்த கையோடு, யாரும் எதிர்பார்க்காமல் மைக்குக்குக் கிட்டே போய்க் கேட்டுவிட்டேன்.

“அப்பா, நீ ஏம்பா என்னாண்ட மட்டும் கொஞ்சூண்டு பேசற? டேப்பு நெறைய கீதுப்பா. அது தீர்ற வரைக்கும் என்னாண்ட பேசு.”

தாத்தா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சித்தப்பா மிஷினை நிறுத்தி, “அண்ணி, புள்ள பேசினத அழிச்சுட்டு மறுபடி எடுக்கட்டுமா?” என்று கேட்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வேணாம், கேட்டது கேட்டதாவே இருக்கட்டும். அவளுக்கும் ஆசை இருக்காதா” என்றாள்.

அடுத்த பதில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பைக் கொதிக்கவைத்து இறக்கியிருந்தார்கள், வாசனை கூடத்துக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. அப்பா வழக்கம்போல எல்லோரிடமும் பேசினார். கடைசியில் என்னிடம் வந்தார். அன்றைக்கு நிறுத்தவில்லை.

அவர் தங்கியிருந்த ரூமுக்கு ஒரு பூனை வருமாம். அதற்கு என் பெயரை வைத்திருக்கிறாராம். கூப்பிட்டால் என்னை மாதிரியே திரும்பிப் பார்க்காதாம். அங்கே மழையே இல்லையாம். நம்ம ஊரில் மழை பெய்தால், எப்படிப் பெய்தது, தெருவில் எதுவரைக்கும் தண்ணீர் நின்றது என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டுமாம். குப்பூஸ் என்ற ரொட்டியைத் தின்று தின்று அலுத்துவிட்டதாம். நான் சித்தப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உலகத்திலேயே பணக்காரி நான்தான். அப்பா பேசப் பேசக் கண்ணாடிக்குள் டேப் குறைந்துகொண்டே போனது. அம்மா சுவரோரமாக உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அப்புறம் பாப்பா, நான் வந்ததும் உன்ன சைக்கிள்ல முன்னாடி உக்கார வச்சு...”

டக்கென்று ஒரு சத்தம். பேச்சு நின்றுவிட்டது. ஸ்தோத்திரம் வரவில்லை. அது வந்தால்தான் சித்தப்பா பொத்தானை அமுக்குவார். விரலை அதன்மேல் வைத்தபடி காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். கூடத்துக்குள் ஒரு ரயில் வந்தது. அது போனபின், ம்ம்ம் என்ற இழுப்பு. அப்புறம் அம்மாவின் குரல், சுருதியில்லாமல், ஒரு உலகப் பாட்டு.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா விரலை எடுக்காமல் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா அசையவில்லை. அம்மா தலையைக் குனிந்தபடியே இருந்தாள். பாட்டு முடிந்து, மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, கதவுக்கு வெளியே காவல் நின்ற என் காதில் அன்று விழாத ஒன்றும் கேட்டது.

“வந்துடுங்களேன்.”

டேப் தீர்ந்து, பொத்தான் தானாகவே மேலே வந்தது.

அப்பா ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும் ஏன் வாயை மூடிக்கொண்டார், பாடி அனுப்பிய பிறகும் அம்மா ஏன் இரண்டு வரிக்குமேல் பேசமாட்டேன் என்றாள் என்பதையெல்லாம் நான் விளங்கிக்கொள்ள எத்தனையோ வருஷம் ஆயிற்று. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக, ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொள்ளாமலே, அந்தப் பாட்டின்மேல் ஒரு சொல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்காக மட்டும் அப்பா அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறார். பாதிப் பாட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, மீதிக்கு மனசு வராமல், சைக்கிளில் ஏறும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா மாட்டிக்கொண்டாள், தாத்தா இப்போது வனாந்திரத்திலிருந்து தொடங்கி நீளமாக ஒரு ஜெபம் செய்யப்போகிறார், குழம்பு ஆறிவிடும் என்பதுதான்.

“ஜெபம் பண்ணலாம்” என்றார் தாத்தா. எல்லோரும் கண்ணை மூடினோம். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். தாத்தா கண்ணைத் திறந்து டேப்ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவரீர் வரவில்லை, இஸ்ரவேல் ஜனங்களும் வரவில்லை.

“ஆண்டவரே, எம்புள்ளய ஊட்டுக்கு இட்டாந்துடு. ஆமென்.”

அவ்வளவு சின்ன ஜெபத்தைத் தாத்தா அதுவரை செய்ததே இல்லை. அவருக்கும் நல்ல பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். தட்டு எடுக்க நான்தான் முதலில் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், ஒருவரும் எழுந்திருக்கவில்லை.