வெள்ளவத்தையில் இறங்கும் பைகள்

காலியாக இருக்கும் மூன்றாம் மாடி ஃபிளாட்டின் பால்கனியில், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கீழே சாலை, அதையடுத்துத் தண்டவாளம், அப்பால் கடல். ரயில் போகும்போது கைப்பிடிக் கம்பி அதிர்கிறது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு வந்த எங்களுக்கு இந்த வீடா, வத்தளையில் பார்த்த முற்றம் வைத்த வீடா என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அங்கே மகள் ஓடி விளையாடலாம். ஆனால் கணவர் வேலை முடிந்து வரும்வரை உயர்ந்த மதிலுக்குள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

பாண் என்று இங்கே சொல்லும் ரொட்டியை விற்கும் ஆட்டோ பாட்டிசைத்தபடி வந்து நிற்கிறது. மாடிக்கு மாடி கயிற்றில் பைகள் இறங்குகின்றன. அழகாக இருக்கிறது. பக்கத்து பால்கனி அக்கா தன் பையை மேலே இழுத்து, சீனி தூவிய பன் ஒன்றை மகளிடம் நீட்டுகிறார்.

"ரயில் சத்தத்தில் இவள் தூங்குவாளா அக்கா?"

"ஓம், நித்திரை கொள்ளுவா. முதல் கிழமை, ஏழு நாள் அழுவா. பிறகு ரயில் வராட்டித்தான் எழும்புவா."

"பகல் முழுக்க நான் தனியாக இருப்பேன்."

"தனியவோ? இங்க ஒராளின்ர பை காலமை இறங்காட்டி, மற்றாக்கள் போய்க் கதவைத் தட்டுவினம். போன மாசம் நான் கொஞ்சம் நித்திரையாப் போனன். முகம் கழுவ முதல் மூண்டு வீட்டாக்கள் வாசல்ல நிக்கினம், பிள்ளை."

முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன கயிறு கம்பியில் தொங்குகிறது. முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறேன். பிறகு மகளின் துணிப்பையைக் காலி செய்து, கட்டி இறக்குகிறேன்.

பாண்காரர் அண்ணாந்து சிங்களத்தில் ஏதோ கேட்கிறார்.

"புது ஆக்களோ எண்டு கேக்கிறார்," என்கிறார் அக்கா.

"ஓம்," என்கிறேன்.