வெறும் வயிற்றில் கிரீன் டீ

தறிக்கு ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றியே குமாரபாளையத்தில் முப்பது வருசத்தை ஓட்டியவள் ராமாத்தாள். புருசன் கைலாசம் இறந்து இரண்டு வருசமாகிறது. அன்றிலிருந்து அவரை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைக்காமல் அவள் பல்லில் எதுவும் படாது. குளித்து, விளக்கேற்றி, சோறு வடித்து முடிக்க மணி ஒன்பதாகிவிடும்.

உடம்பு பெருத்துப் போச்சென்று மகள் ஸ்ரீதேவி பால் டீயை நிறுத்திவிட்டு, கிரீன் டீ பாக்கெட் வாங்கிக் கொடுத்தாள். பாலுமில்லை, சர்க்கரையுமில்லை, இந்த இலைத்தண்ணீர் விரதத்தைக் கெடுக்காது என்று ராமாத்தாளுக்குப் பட்டது. விடிந்ததும் ஒரு டம்ளர், ஏழு மணிக்கு இன்னொன்று.

பத்தாம் நாள் நெஞ்சு எரிந்தது. தொண்டை வரைக்கும் புளித்து ஏறியது. அந்த நேரம் பார்த்து, தறி ஓடாத கூடத்தில் கைலாசம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

அவர் போன அன்றைக்கும் நெஞ்செரிகிறது என்றுதான் சொன்னார். வாய்வாயிருக்கும் என்று அவள்தான் சோடா கொடுத்துப் படுக்கச் சொல்லிவிட்டு, மிச்சத் தாரைச் சுற்றப் போனாள். திரும்பி வந்தபோது மூச்சில்லை. மாரடைப்பு என்றார்கள். சோடா கொடுத்ததை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த எரிச்சலைத்தான் இப்போது தன்னிடம் கொண்டுவந்து வைக்கிறார் என்று நினைத்தாள். அதனால் இதையும் சொல்லவில்லை.

நெஞ்சை அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தவளை ஒரு நாள் மகள் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் குறையில்லை என்றார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று நர்ஸ் சென்னம்மாள் துருவினாள்.

"ஒம்பது மணி வரைக்கும் ஒண்ணுமில்லீங்க சாமி. காக்காய்க்கு வெச்சாத்தானுங்க. நடுவால அந்த எலத்தண்ணி மட்டும்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "வெறும் வயித்துல அதக் குடிச்சா எரியாம குளுகுளுன்னா இருக்கும்? ஒரு வாய் முன்னாடி தின்னா காக்கா கோவிச்சுக்காதுங்கம்மா."

மாத்திரை தந்தார்கள். கிரீன் டீ வேண்டாம், எழுந்ததும் இரண்டு இட்லி என்றார்கள். எட்டு நாளில் எரிச்சல் அடங்கியது. கூடவே செருமலும் நின்றுபோனது. கூடத்தில் காதை வைத்துக்கொண்டே நடமாடினாள் ராமாத்தாள். அவரிடம் சொல்ல வேண்டியது சொல்லாமலே கிடந்தது.

ஒன்பதாம் நாள் ஸ்ரீதேவி மில்லுக்குக் கிளம்பியதும், இட்லித் தட்டை மூடி வைத்தாள். பரணிலிருந்து பாக்கெட்டை எடுத்து இரண்டு டம்ளர் போட்டுக் குடித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். எரிச்சல் மெல்ல ஏறியது. அதைத் தொடர்ந்து, பக்கத்திலேயே, அந்தச் செருமல்.

"ஏனுங்க," என்றாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கோணுங்க. தாரு பாக்கியிருக்குதுன்னு போயிட்டனுங்க. தப்பு என்னுதுங்க."

இன்னொரு முறை செருமல் கேட்டது, வாசல் பக்கமாக. எழுந்து போய்ப் பார்த்தாள். யாருமில்லை. கோபத்தோடு போனாரா, மனம் ஆறிப் போனாரா, தெரியவில்லை. முருகா என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு, தட்டைத் திறந்து ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டாள்.