பட்டப்பகலில் ஓடிய வண்டுகள்

வீட்டில் அவளுக்கு வண்டு என்றே பெயர். வைத்தவர் கணவர். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தவர், பால் பாக்கெட்டுக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாய்ப் பூச்சிகள் மிதக்கும் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "ஒரு பொண்ணைக் கட்டினதாத்தான் நினைச்சேன், கூட்டத்தோட வந்திருக்கியே" என்றார்.

காட்டுப் பூச்சிகளை ஆராய்வது அவள் வேலை. அதிலும் தரைவண்டுகள். சிறகைவிடக் காலையே நம்பும் வண்டுகள் அவை. பகலெல்லாம் கல்லுக்கும் சருகுக்கும் அடியில் பதுங்கிக் கிடந்து, இருட்டியதும் வெளியே வந்து புழுவையும் நத்தையையும் வேட்டையாடும். மண்ணோடு மட்டமாக அவள் பிளாஸ்டிக் டம்ளர்களைப் புதைத்து வைப்பாள். ஓடிவரும் வண்டு தவறி உள்ளே விழும். என்னென்ன விழுகிறது என்று பார்த்தால் காடு எப்படி இருக்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

அந்தக் கோடையில் அவள் டம்ளர் புதைத்திருந்த மலைச்சரிவு பற்றி எரிந்தது. தீயை அடக்கப் போன குழுவில் அவள் நாத்தனாரும் இருந்தாள். கணவருக்கு ஒரே தங்கை. புருவம் கருகி, தொண்டை கட்டி வீடு திரும்பியவளிடம் இவள் கேட்டாள்:

"என்னை ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போறியா?"

"இப்பத்தான் அடுப்பை அணைச்சோம். அதுக்குள்ள கையை விட்டுப் பாக்கணுமா அண்ணி?"

"எது தப்பிச்சிருக்குன்னு இப்பப் பாத்தாத்தான் உண்டு. ஒரு மழை பெஞ்சா எல்லாம் மாறிடும்."

தீக்குழுவில் ஒருவர் துணையில்லாமல் எரிந்த காட்டுக்குள் யாரையும் விடமாட்டார்கள். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் பம்பை முதுகில் மாட்டினாள்.

சரிவில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. நடந்தால் சாம்பல் கணுக்காலுக்கு மேல் எழுந்தது. டம்ளர்கள் உருகி மண்ணோடு மண்ணாய் ஒட்டிக் கிடந்தன. அவள் ஒரு தட்டைக் கல்லைப் புரட்டினாள். அடியில் இரண்டு வண்டுகள். வெளிச்சம் பட்டதும் சரக்கென்று பக்கத்து விரிசலுக்குள் நுழைந்துகொண்டன. "பொழச்சிருக்குடி!" என்று கத்தியேவிட்டாள்.

இன்னும் மேலே, ஒரு பெரிய மரத்தின் கருகிய அடிக்கட்டை அருகில் நாத்தனார் நின்றாள்.

"இங்க பாருங்க அண்ணி, உங்க சொந்தக்காரங்க ஊர்வலம் போறாங்க."

உச்சிவெயிலில், மறைவே இல்லாத கரித்தரையில் வண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. குனிந்து பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அவள் நிழல் மேலே விழுந்தும் அவை பதுங்கவில்லை. வழியிலிருந்த விரிசலில் ஒன்று தலையை நுழைத்தது, உடனே பின்வாங்கி மறுபடி ஓடியது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அடிக்கட்டையை விட்டு விலகித்தான் ஓடின. அவள் அந்த விரிசலுக்கு மேல் உள்ளங்கையை நீட்டினாள். அடுப்பு வாய்போல் அனல் அடித்தது.

"நில்லு. அசையாதே."

"ஏன்?"

"கீழ வேர் எரியுது."

"புகையே காணோமே" என்று திரும்பிய நாத்தனாரின் வலது கால் முழங்கால்வரை தரைக்குள் போயிற்று.

அந்த அலறலை அவள் அதற்குமுன் எந்த மனிதத் தொண்டையிலிருந்தும் கேட்டதில்லை. குப்புற விழுந்து, பம்பின் பட்டையைப் பிடித்து, தன் பலமெல்லாம் கூட்டி இழுத்தாள். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. குழிக்குள் செக்கச்செவேலென்று கங்கு. பம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் அந்தக் காலில் ஊற்றினாள்.

இனி எங்கே கால் வைப்பது? வந்த வழி அடிக்கட்டையை ஒட்டியே இருந்தது. அந்த மரம் எந்தப் பக்கமெல்லாம் வேர் விட்டதோ, யார் கண்டது? அவள் வண்டுகளைப் பார்த்தாள். இடதுபுறப் பாறைகளின் ஓரத்தில் அவை மண்ணைக் கிளறி உள்ளே போய்க்கொண்டிருந்தன. அதை நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

"என் கழுத்தைக் கட்டிக்கோ. ஊர்ந்தே போவோம்."

பம்பின் குழாயால் முன்னால் குத்திக் குத்திப் பார்த்தபடி நகர்ந்தாள். ஓர் இடத்தில் குழாய் புதைந்தது; சுற்றிக்கொண்டு போனாள். பாறையோரத்து மண்ணைத் தொட்டபோது அது சில்லென்றிருந்தது. அங்கே உட்கார்ந்துதான் நாத்தனாரின் வாக்கி டாக்கியில் ஆள் கூப்பிட்டாள். வார்த்தை கோர்வையாக வரவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் கணவர் கேட்டார்: "என் தங்கச்சியைவிட உனக்கு அந்தப் பூச்சிங்க பெரிசாப் போச்சா?"

அவர் கேட்டதில் தப்பில்லை என்றே அவளுக்குப் பட்டது. நாத்தனாருக்குத் தொடைத் தோலை எடுத்துக் காலில் ஒட்டினார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்ள இவள் போனாள். அண்ணன் அதே அறையில் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். ஒருநாள் தங்கையே பொறுக்காமல் சொன்னாள்: "அண்ணா, தீக்காட்டுல காலை எங்க வைக்கணும்னு பாக்குறது என் வேலை. அண்ணி நில்லுன்னாங்க, நான்தான் திரும்பினேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்காம ரெண்டு பேருக்கும் டீ வாங்கிட்டு வா."

அவர் வாங்கி வந்தார். பேச்சு திரும்ப இன்னும் கொஞ்சநாள் ஆயிற்று.

அதன்பின் அவள் ஆய்வுக்கூடத்தில் மண் தட்டுகளைக் கீழிருந்து மெல்லச் சூடாக்கி, வண்டுகளை விட்டுப் பார்த்தாள். சில, பகல்போல் விளக்கு எரியும்போதே மேலே வந்து ஆறிய பக்கம் ஓடின. சில இன்னும் ஆழத் தோண்டி உள்ளேயே செத்தன. ஊன்றுகோலோடு பார்க்க வந்த நாத்தனாரிடம் அதை மறைக்காமல் சொன்னாள்.

"எல்லாம் ஓடல. இதை நம்பி யாரையும் காட்டுக்குள்ள அனுப்ப முடியாது. நம்ம ரெண்டு பேருக்கும் நல்ல நேரம், அவ்வளவுதான்."

நாத்தனார் தட்டுக்குள் குனிந்து பார்த்தாள்.

"அப்ப நான் திரும்ப வேலைக்குப் போனா, கையில தரையைக் குத்திப் பாக்க ஒரு கம்பி இல்லாம ஒரு அடி வைக்கமாட்டேன்" என்றாள். அடுத்த கோடையில் போகவும் செய்தாள்.