ஊறுகாய் தின்ற ரோஜா

சென்ற ஆண்டு, பெங்களூரில் மழை பிடித்துக்கொண்ட சமயம். காக்ஸ் டவுனில் எங்களுக்கு எதிர்வீட்டு டீச்சர் ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

அவர்கள் வீட்டில் ஒரு ஜெர்மன் பீங்கான் பாத்திரம் உண்டு. இரண்டு பக்கமும் பிடி, மேலே மூடி, உள்ளும் புறமும் ரோஜாப்பூக்கள். பழைய பங்களா சாமான்களை ஏலம் விட்டபோது டீச்சரின் மாமனார் எடுத்தது. அதைச் செய்தவர்கள் சூப்புக்காகச் செய்திருக்க வேண்டும். டீச்சர் அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்தார். ஏதோ ஒரு கல்யாணத்தில், எல்லோர் காதிலும் விழும்படி, "அது சிவாஜிநகர் பஜார் டூப்ளிகேட், அக்கா" என்று அவருடைய ஓரகத்தி சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து டீச்சருக்கு நிம்மதி இல்லை.

"ஆபீஸ்ல எத்தனை சீல் பாத்திருப்பீங்க சார். இது யார் செஞ்சதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. அவ வாயை மூடணும்."

"பாத்திரத்துக்கு மூடி இருக்கு டீச்சர். உங்க ஓரகத்திக்கு நான் எங்க போய்த் தேடறது?"

நான் அரசுக் கொள்முதல் பிரிவில் இருந்தவன். முத்திரை இல்லாத நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முத்திரையோடு வந்த குப்பையை ஏற்றுக்கொண்டும் இருக்கிறேன். எல்லாம் விதிப்படிதான். இதையும் அப்படியே செய்தேன். ஊறுகாயை வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொல்லி, கழுவித் துடைத்து, கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நீல நிறத்தில் ஒரு கிரீடமும் கேடயமும். நகத்தால் வருடினேன், தட்டுப்படவில்லை. பளபளப்பான மேற்பூச்சுக்கு அடியிலேயே இட்ட முத்திரை, பிறகு ஒட்டியதல்ல. அதன் கீழே நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால் ஏற்றுமதிக்குச் செய்தது. ஆனால் கிரீடமும் கேடயமும் போட்ட ஜெர்மன் ஆலைகள் ஏராளம். இது எந்த ஆலை?

அடி, பக்கம், மூடி, உள்புறம் என்று முறையாகப் படமெடுத்து, பழைய பீங்கான் சேகரிப்பவர்களின் இணையக் குழு ஒன்றுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு குறிப்பு: "உள்புறப் பூவேலை பாதி அழிந்துள்ளது. இயல்பான தேய்மானம்."

ஊறுகாய் என் கண்ணெதிரே பழையபடி அதே பாத்திரத்துக்குள் போயிற்று. மகள் தயிர்சாதத்தோடு ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். "எப்பப் பாத்தாலும் வயித்துவலி அங்கிள். உள்ள இறங்கற ஒரே ஐட்டம் இதான்." மாசமாக இருந்தால் அப்படித்தான் என்றார் டீச்சர். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் பதில் வந்திருந்தது. ஜெர்மனியில் ஏதோ ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்மணி எழுதியிருந்தார். ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "முத்திரை இருக்கட்டும். உள்ளே பாதிப் பூ எங்கே போயிற்று? இதில் புளிப்பு எதையாவது வைத்துச் சாப்பிடுகிறீர்களா? உடனே நிறுத்துங்கள். மேற்பூச்சின் மீது தீட்டும் பழைய வண்ணங்களில் காரீயம் இருக்கும்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊறுகாய் மட்டத்துக்கு மேலே ரோஜாக்கள் பளிச்சென்று இருந்தன. கீழே வெறும் நிழல்தான். கோடு கிழித்தது போல. இதைத்தான் நான் தேய்மானம் என்று எழுதியிருந்தேன். ஈயச்சொம்பு ரசத்து ஈயம் அல்ல இது, காரீயம், விஷம். அழிந்த பூவெல்லாம் எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மகள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். "அதைக் கீழ வைம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் டீச்சர் பதறி வந்தார்.

"என்ன சார், ஏதோ விஷம் மாதிரி கத்தறீங்க?"

"மாதிரி இல்ல டீச்சர்."

அன்றே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். இரத்தப் பரிசோதனையில் காரீயம் இருந்தது. "இப்பவாவது வந்தீங்களே" என்றார் டாக்டரம்மா. ஊறுகாய் நின்றது, வயிற்றுவலியும் மெல்ல நின்றது. ஆனால் பிரசவம் வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை; எங்கள் வீட்டிலும்தான். குழந்தை பிறந்து, வீறிட்டு அழுது, டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆலையின் பெயரையும் அந்த ஜெர்மன் பெண்மணி பின்னர் கண்டுபிடித்து அனுப்பினார். அசல்தான். டீச்சரிடம் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவர், "அப்படியா சார்" என்றதோடு சரி. ஓரகத்தியின் பேச்சையே எடுக்கவில்லை.

யார் செய்தது என்று அடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது யாரை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது உள்ளே பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் எதைப் பார்த்தும் "இயல்பான தேய்மானம்" என்று சொல்ல வாய் வருவதில்லை. தேய்ந்தது யாருக்குள் போயிற்று என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.